வாரத்துக்குப் பத்து சதவீதம்

பிள்ளைகளுக்குப் பணத்தின் அருமையைக் கைபேசிச் செயலி வழியாக விளையாட்டாகவே கற்றுத் தந்துவிடலாம் என்று என் கணவர் முடிவெடுத்தது, ஜூன் மாதம் பள்ளி திறந்த வாரத்தில். அவர் தேர்ந்தெடுத்த செயலியில் உண்மைப் பணம் கிடையாது. செடிக்குத் தண்ணீர் ஊற்றினால் 5 ரூபாய், போர்வை மடித்தால் 5 ரூபாய் என்று பெற்றோர் கூலி குறித்துவைக்க வேண்டும். வேலையை முடித்த பிள்ளை பொத்தானை அழுத்தினால் மஞ்சள் காசு ஒன்று ‘கிணிங்’ என்று உண்டியலில் விழும். பிள்ளை கேட்கும் நாளில் ரொக்கமாகக் கொடுக்க வேண்டியது அப்பாவின் பொறுப்பு.

ஒன்பது வயது மகன் இதன் நெளிவுசுளிவுகளை வெகு விரைவில் பிடித்துக்கொண்டான். ஆறு வயதுத் தங்கையைத் தண்ணீர் ஊற்றச் சொல்லி, அவளுக்கு 1 ரூபாய் கொடுத்துவிட்டு, மீதி 4 ரூபாயைத் தன் கணக்கில் நிறுத்திக்கொண்டான். அவளும் மகிழ்ச்சியாகவே ஊற்றினாள். செடிகளில் இரண்டு அழுகின.

உண்மையான வினை வட்டியில்தான் இருந்தது. சேமிக்கும் ஆசை வரட்டும் என்று, ‘சேமிப்புக்கு வட்டி’ என்ற கட்டத்தில் என் கணவர் 10 என்று நிரப்பியிருந்தார். செயலி அதை வாரந்தோறும், வட்டிக்கு வட்டியாகக் கணக்கிட்டது. காலாண்டுத் தேர்வு நெருங்கும்போது மகனின் இருப்பு 1,800 ரூபாயை எட்டிவிட்டது. அஞ்சல் துறையில் ஓய்வு பெற்ற என் மாமனார் காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்தார். ஆண்டுக்கு 4 சதவீதம் தரும் அஞ்சலகச் சேமிப்புக் கணக்கில் பணம் இரட்டிப்பாக ஏறக்குறைய 18 ஆண்டுகள் ஆகும் என்றும், இங்கே எட்டு வாரம் போதும் என்றும், இப்படியே போனால் 100 ரூபாய் ஓராண்டில் 14,000 ரூபாயைத் தாண்டும் என்றும் அறிவித்தார். “கந்துவட்டித் தடைச் சட்டம் 2003-லேயே வந்தாச்சு. அது தெரியாம சொந்தப் பிள்ளைகிட்டயே மாட்டிக்கிட்டியே” என்றார்.

அன்றிரவே, ரெப்போ விகிதத்தை அறிவிக்கும் ரிசர்வ் வங்கி ஆளுநரைப் போலத் தொண்டையைச் செருமிக்கொண்டு, வட்டி 1 சதவீதமாகக் குறைக்கப்படுவதாக என் கணவர் தெரிவித்தார்.

“அப்போ மொத்தத்தையும் இப்பவே குடுத்துடுங்கப்பா” என்றான் மகன்.

யுபிஐ வந்த பிறகு பணப்பையை மறந்துவிட்ட மனிதரிடம், எந்தக் கடைக்காரரும் வாங்க மறுக்கும் சில பத்து ரூபாய் நாணயங்களே இருந்தன. அவை செல்லும் என்று ரிசர்வ் வங்கி பலமுறை சொல்லியும் எங்கள் தெருக் கடைக்காரர்கள் நம்பியதில்லை. என் மகனும் நம்பவில்லை. வேறு வழியின்றி அவர் தம் தந்தையிடம் கை நீட்ட, மாமனார் பீரோவைத் திறந்து நோட்டுகளை எண்ணி வைத்து, “ரெண்டு வட்டி, சம்மதமா?” என்று கேட்டார்.

பணத்தை வாங்கி எண்ணிச் சரிபார்த்த மகன், ரெண்டு வட்டி என்றால் என்ன என்று தாத்தாவிடம் விசாரித்தான். நூறு ரூபாய்க்கு மாதம் இரண்டு ரூபாய் என்று அவர் விளக்கியதும், சிறிது யோசித்துவிட்டு அப்பாவின் பக்கம் திரும்பினான்.

“தாத்தாகிட்ட வாங்கினதைத் திருப்பிக் குடுத்துடுங்கப்பா. நான் ஒன்றரை வட்டிக்குத் தர்றேன்.”