அரை மணி நேரம்: நாட்குறிப்பிலிருந்து

செப்டம்பர் 24, புதன்

நாள் உறுதியாகிவிட்டது. அக்டோபர் 17 வெள்ளிக்கிழமை இரவு பத்து மணிக்கு நம் காப்புறுதி நிறுவனத்தின் பழைய தரவுத்தளத்தை நிறுத்துகிறோம். 21 செவ்வாய்க்கிழமை காலை கிளைகள் திறப்பதற்குள் எல்லாம் புதியதில் ஓட வேண்டும். நீண்ட வாரயிறுதி என்பதால் நமக்கு ஒரு நாள் கூடுதலாகக் கிடைக்கிறது என்று கூட்டத்தில் மகிழ்ச்சியோடு அறிவித்தார்கள். அந்தக் கூடுதல் நாளுக்குத் தீபாவளி என்று பெயர். நானும் நெட்வொர்க் பிரிவில் இருக்கும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். இருவருமே வாய் திறக்கவில்லை. சீனப் புத்தாண்டுக்கு இப்படி ஒரு திட்டத்தை யாரும் முன்வைத்திருக்க மாட்டார்கள் என்பதை இங்கே மட்டும் எழுதி வைக்கிறேன்.

செப்டம்பர் 26, வெள்ளி

நாங்கள் மாறப்போகும் போஸ்ட்கிரெஸ் தரவுத்தள மென்பொருளின் 18ஆம் பதிப்பு நேற்று வெளியாகியிருக்கிறது. குழுவிலுள்ள இளையர்கள் காலையிலிருந்து அதைப் பற்றியே பேசுகிறார்கள். வட்டிலிருந்து படிக்கும் முறை மாறியிருக்கிறது, தரவு சிதைந்தால் காட்டிக்கொடுக்கும் சரிபார்ப்புத்தொகை நாம் கேட்காமலே இயங்குகிறது, நேராக அதற்கே போய்விடலாமே என்கிறார்கள். ஓராண்டாகப் பலர் கையில் அடிபட்டுத் தேறிய 17 இருக்கும்போது, பிறந்து ஒரு நாளான பதிப்பை நம்பிப் பிறருடைய காப்புறுதிப் பணத்தை வைக்க எனக்கு மனம் வரவில்லை. சரிபார்ப்புத்தொகையை 17இலும் நாமே இயக்கிக்கொள்ளலாம், இயக்கியிருக்கிறேன்.

நாங்கள் விட்டுவிட்டுப் போகும் ஆரக்கிள் 11ஜியின் நீட்டித்த ஆதரவு 2020 டிசம்பருடன் முடிந்துவிட்டது. அதன் பிறகும் அது ஒரு குறையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருப்பதுதான் மேலிடத்தில் இத்தனை நாள் எவருக்கும் அவசரம் தோன்றாததற்குக் காரணம்.

செப்டம்பர் 28, ஞாயிறு

மகன் தேசிய சேவைக்கு எடுத்துப்போக வேண்டிய பட்டியலில் இருந்தவற்றையெல்லாம் வாங்கியாயிற்று. பூட்டுகள், பவுடர், கறுப்புக் கைக்கடிகாரம். அவன் எதையும் போட்டுப் பார்க்கவில்லை.

செப்டம்பர் 30, செவ்வாய்

இன்று முழுவதும் காலி இடங்களோடு போராட்டம். ஆரக்கிளில் ஓர் எழுத்தும் இல்லாத வெற்றுச் சொற்சரமும் மதிப்பே இல்லாத 'நல்' நிலையும் ஒன்றுதான். போஸ்ட்கிரெஸில் அவை வெவ்வேறு. இது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி, முதல் வாரத்திலேயே அதற்கு வழி செய்துவிட்டோம். அதன் உடன்பிறப்பு ஒன்று இருக்கிறது, அதைத்தான் யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. ஆரக்கிளில் ஒரு சொற்சரத்தோடு 'நல்' ஒன்றைச் சேர்த்தால் சொற்சரம் அப்படியே நிற்கும். போஸ்ட்கிரெஸில் அதே இரட்டைக் கோட்டுக் குறியால் சேர்த்தால் மொத்தமும் 'நல்' ஆகிவிடும்.

விளைவைச் சோதனைக் கடிதங்களில் கண்டோம். வீவக அடுக்குமாடி வீட்டுக்காரர்களின் முகவரிகள் அனைத்தும் சரியாக வந்தன. புளோக் எண், சாலை, மாடியும் கதவும் சேர்ந்த எண், ஆறு இலக்க அஞ்சல் குறியீடு எல்லாம் இருந்தன. தரைவீட்டுக்காரர்களுக்கு மாடியும் கதவும் சேர்ந்த எண் கிடையாது. அந்த ஒரு கட்டம் காலியாக இருந்ததால் அவர்களுடைய முகவரி முழுவதும் மறைந்து, பெயர் மட்டும் உறையின் மேல் தனியாக நின்றது. ஊரிலேயே விலையுயர்ந்த வீடுகளில் இருப்பவர்களுக்கு முகவரி இல்லாமல் போனதைப் பார்த்து எல்லோரும் சிரித்தோம். பிறகு, சேர்க்கும் குறி வரும் இடங்களையெல்லாம் தேடி எடுத்து, 'நல்' மதிப்பைப் பொருட்படுத்தாத 'கன்கேட்' செயற்கூற்றுக்கு மாற்ற உட்கார்ந்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. எழுதியவர்கள் யாரும் இப்போது வேலையில் இல்லாத நிரல்கள் அவை.

அக்டோபர் 2, வியாழன்

தேக்கோங், ராணுவ அடிப்படைப் பயிற்சி நடக்கும் தீவு. படகில் ஏறியதும் மகன் எங்களோடு உட்காராமல் தொடக்கக்கல்லூரி நண்பன் ஒருவனைக் கண்டுபிடித்து அவனருகே போய்விட்டான். தீவில் படுக்கையறைகளைக் காட்டினார்கள், விளக்கக் கூட்டம் நடத்தினார்கள், பிள்ளைகள் வரிசையாக நின்று கை உயர்த்தி உறுதிமொழி எடுத்தார்கள். சமையல்கூடத்தில் எங்களுக்கும் சாப்பாடு போட்டார்கள். என் கணவருக்குத் தாம் சேர்ந்த காலத்து நினைவு வந்து, இந்த அறைகளுக்கு என்ன குறை, எங்கள் காலத்தில் இப்படியா இருந்தது என்று பக்கத்தில் நின்ற சீனத் தந்தையிடம் சொல்லிக்கொண்டே வந்தார். அந்த மனிதரும் அதையே சொல்லிக்கொண்டு வந்தார்.

விடைபெறும்போது மகன் என் கையைப் பிடித்து, "அம்மா, போன் பண்ணலன்னா பயப்படாதீங்க" என்றான். திரும்பி வரும் படகில் அலுவலகத்திலிருந்து வந்த அழைப்புகளை எடுக்கவில்லை.

அக்டோபர் 3, வெள்ளி

அழைப்பு இல்லை. பயப்படவில்லை.

அக்டோபர் 7, செவ்வாய்

வரிசைகளின் எண்ணிக்கை இரண்டு பக்கமும் ஒத்துப்போகிறது என்று மாற்றப் பணியை ஏற்றிருக்கும் ஒப்பந்த நிறுவனம் அறிக்கை அனுப்பியிருந்தது. எண்ணிக்கையை வைத்து வெற்றி என்று எழுதுபவர்களை நான் நம்புவதில்லை. எல்லாப் பெட்டிகளும் வந்து சேர்ந்துவிட்டன என்பதால் உள்ளே கண்ணாடி உடையவில்லை என்று ஆகிவிடாது. அட்டவணைக்கு அட்டவணை, ஒவ்வொரு நெடுவரிசையின் மதிப்புகளையும் ஒப்பிடும் நிரலை நேற்றிரவு ஓட விட்டுப் போனேன்.

காலையில் வந்து பார்த்தால் பிறந்த தேதி நெடுவரிசை முழுக்கச் சிவப்பு. மார்ச் 12 என்று இருந்தவர் மார்ச் 11 ஆகியிருக்கிறார். ஜனவரி முதல் தேதியில் பிறந்தவர்கள் முந்தைய ஆண்டின் கடைசி நாளுக்குப் போய்விட்டார்கள். ஆனால் எல்லோரும் அல்ல. பிறந்த ஆண்டுப்படி வரிசைப்படுத்திப் பார்த்தபோது கோடு கத்தியால் வெட்டியதுபோல் தெரிந்தது: 1982 ஜனவரி 1 முதல் பிறந்தவர்கள் அனைவரும் சரி, அதற்கு முன் பிறந்தவர்கள் தவறு.

அந்த நாளைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. 1981 டிசம்பர் 31 வரை சிங்கப்பூரின் நேரம் கிரீன்விச்சைவிட ஏழரை மணி நேரம்தான் முன்னால் இருந்தது. தீபகற்ப மலேசியா சாபா, சரவாக் நேரத்துக்கு மாறியபோது நாமும் கூடவே அரை மணி நேரம் நகர்ந்து எட்டு மணிக்கு வந்தோம். ஆரக்கிளின் தேதி வகையில் மணியும் ஒட்டிக்கொண்டிருக்கும். பிறந்த தேதிகளில் அது நள்ளிரவு பூஜ்யம். ஒப்பந்த நிறுவனத்தின் நிரல் அதை நேர மண்டலத்துடன் கூடிய வகைக்கு மாற்றியபோது, எந்த ஆண்டாக இருந்தாலும் எட்டு மணி நேர வேறுபாடு என்றே கணக்கிட்டிருக்கிறது. திரும்பக் காட்டும்போது போஸ்ட்கிரெஸ், சிங்கப்பூரின் வரலாற்றை நம்மைவிட நன்றாக அறிந்ததால், 1975இல் ஏழரைதானே என்று அரை மணி நேரத்தைக் கழித்து முந்தைய நாள் இரவு பதினொன்றரை என்று காட்டுகிறது.

இதில் இன்னொரு வேடிக்கை. எண்பது வயதைத் தாண்டிய வாடிக்கையாளர்கள் சிலருடைய தேதி மட்டும் மாறவே இல்லை. ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் இங்கே தோக்கியோ நேரம், அதாவது ஒன்பது மணி நேரம் முன்னால். எனவே 1942 பிப்ரவரிக்கும் 1945 செப்டம்பருக்கும் இடையில் பிறந்தவர்களின் நள்ளிரவு அதே நாளின் அதிகாலை ஒரு மணியாகத் தெரிகிறது. தேதி தப்பித்துவிட்டது.

காப்புறுதியில் ஒரு நாள் என்பது சிறிய பிழை இல்லை. வயது அதில்தான் ஏறுகிறது, வயதில்தான் சந்தா ஏறுகிறது. மணி ஒட்டாத வெறும் தேதி வகைக்கு அந்த நெடுவரிசையை மாற்றி மீண்டும் ஏற்றச் சொல்லி எழுதிவிட்டேன். எண்ணிக்கை சரியாகத்தானே இருந்தது என்று பதில் வந்திருக்கிறது.

அக்டோபர் 8, புதன்

இரவுச் சாப்பாட்டின்போது அத்தையிடம் கேட்டேன். அவருக்கு நன்றாக நினைவிருக்கிறது. பதினொன்றரைக்கே பன்னிரண்டு என்று சொல்லிவிட்டார்கள், மாமா அப்போதுதான் வேலை முடிந்து வந்துகொண்டிருந்தார், அவர் வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் புத்தாண்டு வந்துவிட்டது என்றார். அந்த அரை மணி நேரத்தை யாரும் திருப்பித் தரவில்லை என்பது அவருடைய குறை.

மகன் இரவில் அழைத்தான். பேசியது அதிகம் இல்லை, குரல் கட்டியிருக்கிறது.

அக்டோபர் 10, வெள்ளி

தேவைப்பட்டால் பழைய தரவுத்தளத்துக்குத் திரும்பி வரும் வழி பற்றிய விவாதம் இன்றும் முடியவில்லை. மாறிய பிறகு புதியதில் விழும் ஒவ்வொரு பதிவையும் பழையதற்கும் அனுப்பிக்கொண்டே இருக்கும் எதிர்த்திசைப் பிரதி வேண்டும் என்கிறேன். அது இல்லையென்றால், செவ்வாய் மதியம் ஏதேனும் பெரிதாகத் தவறும்போது, பழையதற்குத் திரும்பினால் காலையிலிருந்து கட்டப்பட்ட சந்தாக்கள் காணாமல் போகும்; திரும்பாவிட்டால் தவறோடு ஓட வேண்டும். காப்புப்பிரதி இருக்கிறதே என்றார்கள். காப்புப்பிரதி எடுப்பது வேறு, அதிலிருந்து மீண்டு வருவது வேறு. 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் என்ற மென்பொருள் நிறுவனத்தில் பொறியாளர் ஒருவர் தவறான சேவையகத்தில் தரவுக் கோப்பகத்தை அழித்துவிட, அவர்கள் நம்பியிருந்த காப்பு முறைகள் ஒவ்வொன்றாகக் கைவிட்டன. ஏறத்தாழ ஆறு மணி நேரத் தரவு போயிற்று. அதை அவர்களே ஒளிக்காமல் எழுதி வெளியிட்டார்கள், அதனால்தான் இன்று என்னால் கூட்டத்தில் சொல்ல முடிகிறது. செலவு அதிகம் என்று கணக்குப் பிரிவு சொல்கிறது. மாத இறுதி வரை மட்டும் என்று கேட்டிருக்கிறேன்.

அக்டோபர் 11, சனி

ஒத்திகை. தேதிகள் சரி. முகவரிகள் சரி. தரவை ஏற்றிய பின் தொடரெண்களை மேலே நகர்த்தி வைக்கும் படியை ஒப்பந்த நிறுவனத்தின் பட்டியலில் காணவில்லை. வைக்காமல் விட்டிருந்தால் செவ்வாய் காலை முதல் புதிய பாலிசி, ஏற்கெனவே இருக்கும் எண்ணைக் கேட்டு முட்டி நின்றிருக்கும்.

மாலையில் தேக்காவுக்குப் போனேன். கேம்பல் லேனில் நடக்க முடியாத கூட்டம். அவனுக்கு எந்த அளவில் சட்டை எடுப்பது என்று தெரியாமல் கடையில் வெகுநேரம் நின்றேன். இளைத்திருப்பானா, தோள் அகன்றிருக்குமா?

அக்டோபர் 13, திங்கள்

முகாமில் மகனைப் பெயர் சொல்லி அழைப்பதில்லையாம், நான்கு இலக்க எண்ணாம். முதல் இலக்கம் பிளட்டூன் என்ற படைப்பிரிவு, அடுத்தது அதற்குள் செக்‌ஷன் என்ற சிறு குழு, மீதி அவனுக்கான எண். நல்ல வடிவமைப்பு இல்லை என்றேன். செக்‌ஷன் மாறினால் ஆளின் எண்ணே மாற வேண்டியிருக்கும், அடையாளத்துக்குள் பொருளைத் திணிக்கக்கூடாது. "அம்மா, இதை சார்ஜன்ட் கிட்ட சொல்லட்டுமா?" என்று சிரித்தான். இந்த நாட்டின் அடையாள அட்டை எண்ணிலும் 2000க்கு முன் பிறந்த குடிமக்களுக்கு 'எஸ்', அதன் பின் பிறந்தவர்களுக்கு 'டி' என்று வைத்திருக்கிறார்கள் என்பதைச் சொல்லத் தொடங்குவதற்குள் நேரம் முடிந்துவிட்டது.

எதிர்த்திசைப் பிரதிக்கு அக்டோபர் 31 வரை அனுமதி கிடைத்தது.

அக்டோபர் 15, புதன்

அத்தை முறுக்குக்கு மாவு பிசைகிறார். எனக்குப் பசியில்லை.

அக்டோபர் 17, வெள்ளி

ஏழரை மணிக்கு வீடு வந்தான். முடி இல்லாத தலையில் காதுகள் பெரிதாகத் தெரிகின்றன. இடது குதிகாலில் கொப்புளம் உடைந்து காய்ந்திருந்தது. காலுறையைக் கழற்றும்போது நூல் ஒட்டிக்கொண்டு வர, முகத்தைச் சுளிக்காமல் மெதுவாகப் பிரித்தான். இதற்கு முன் முள் குத்தினாலே வீட்டைக் கூட்டுவான். ஆட்டுக்கறியும் சோறும் இருமுறை போட்டுக்கொண்டு, தட்டின் முன்னாலேயே தூங்கிவிட்டான். எட்டரைக்குக் கிளம்பி அலுவலகம் வந்தேன். பத்து மணிக்குப் பழையதில் புதிய பதிவு எதுவும் விழாதபடி மூடினோம்.

அக்டோபர் 19, ஞாயிறு, அதிகாலை

உட்கார்ந்திருக்கிறேன். ஒப்பீட்டு நிரல் கடைசி அட்டவணைகளில் ஓடுகிறது. இதில் நான் செய்ய எதுவும் இல்லை, ஆனால் எழுந்து போகவும் முடியாது. இந்த வேலையின் பெரும்பகுதி இதுதான் என்று யாரும் பணியில் சேரும்போது சொல்வதில்லை. நெட்வொர்க் தம்பி வீட்டிலிருந்து அதிரசம் கொண்டு வந்திருந்தார். மலாய்க் காவலர் ஒருவர் இரண்டு எடுத்துக்கொண்டு, உங்கள் பண்டிகை நாளையல்லவா, இங்கே என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார். கேட்டவர் அவர் ஒருவர்தான்.

பிறந்த தேதிகள்: வேறுபாடு பூஜ்யம். மூன்று முறை ஓட்டினேன். 1982க்கு முன், பின், ஜப்பானியர் காலம் என்று தனித்தனியாகவும் பார்த்தேன். தேவையில்லைதான்.

மாலை ஆறு மணிக்கு முடிவெடுக்கும் கூட்டம்.

அக்டோபர் 20, திங்கள்

மாறிவிட்டோம். எண்ணெய் வைக்க அத்தை என்னை ஐந்து மணிக்கு எழுப்பினார். சட்டை அவனுக்குத் தோளில் பிடித்தது, இடுப்பில் தொளதொளவென்று நின்றது. இரவு முகாமுக்குத் திரும்பிவிட்டான்.

அக்டோபர் 21, செவ்வாய்

கிளைகள் திறந்த உடனே பெயர் தேடும் திரை உறைந்தது. பெயரின் முதல் சில எழுத்துகளைத் தட்டினால் வரும் பட்டியல் அது. பழையதில் கண்ணிமைக்கும் நேரத்தில் வந்தது, புதியதில் முழு அட்டவணையையும் படித்துக்கொண்டிருந்தது. தேடலை விரைவாக்கும் இன்டெக்ஸ், மொழி சார்ந்த வரிசைமுறையில் அமைந்த சாதாரண வகையாக இருந்தால், அதை முன்னெழுத்துத் தேடலுக்குப் போஸ்ட்கிரெஸ் பயன்படுத்தாது. எழுத்துகளை அவற்றின் குறியீட்டு வரிசையில் வைக்கும் தனி இன்டெக்ஸ் வேண்டும். அந்தத் திரை ஒத்திகைப் பட்டியலில் இல்லை. வேறு குழுவின் பொறுப்பாம். அட்டவணையில் புதிய பதிவுகள் விழுவதைத் தடுக்காமலே இன்டெக்ஸ் கட்டும் கட்டளையை இட்டுவிட்டு, அது முடியும் வரை தொலைபேசியில் கிளை மேலாளர்களின் கோபத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். பத்தே காலுக்குச் சரியாயிற்று. பத்தரைக்கு, பழையதற்கே திரும்பலாமா என்று மேலிடத்திலிருந்து கேட்டார்கள். திரும்பலாம், வழி இருக்கிறது, ஆனால் தேவையில்லை என்றேன். வழி இருந்ததால்தான் அந்தக் குரலில் சொல்ல முடிந்தது.

அக்டோபர் 23, வியாழன்

வெளிக்களப் பயிற்சிக்குப் போகிறார்களாம், சில நாள் கைப்பேசி கிடையாது என்று செய்தி அனுப்பியிருக்கிறான். கொப்புளத்தைப் பற்றிக் கேட்டேன். உயர்த்திய கட்டை விரல் படம் ஒன்று வந்தது.

எல்லாம்தான் ஒழுங்காக ஓடுகிறதே, பழைய சேவையகத்தை இந்த வாரமே அணைத்துவிடலாமா என்று கணக்குப் பிரிவு கேட்கிறது. மாதக் கடைசி முகவர் கமிஷன் ஓட்டம் புதியதில் இன்னும் ஒரு முறைகூட நடக்கவில்லை; அது முடிந்து, இரண்டு பக்கத் தொகைகளும் காசு வரை ஒத்துப்போகும் வரை அணைக்க மாட்டேன் என்று பதில் எழுதியிருக்கிறேன். நாளை காலை எட்டரைக்கு மீண்டும் கூட்டம்.