மெடிக்கலைக் கடைசிக்கு வைக்காதீர்கள்

கனடாவில் படிக்க விண்ணப்பிக்கும் தம்பி தங்கைகள் என்னிடம் முதலில் கேட்பது, வங்கியில் எவ்வளவு பணம் காட்ட வேண்டும் என்பதுதான். விசாவுக்கான மருத்துவப் பரிசோதனையை, அதாவது மெடிக்கலை, எப்போது எடுப்பது என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. நானும் அன்று கேட்கவில்லை. அதனால் ஒரு செமஸ்டர் போயிற்று.

எனக்குப் பன்னிரண்டு வயதில் காசநோய் வந்தது. ஆறு மாதம் விடாமல் மாத்திரை சாப்பிட்டுக் குணமானேன். அதன்பிறகு வீட்டில் அந்தப் பேச்சே எழவில்லை. பிப்ரவரியில் ஆஃபர் லெட்டர் வந்தபோது அது என் நினைவிலேயே இல்லை. "மெடிக்கலை அவர்களாகக் கேட்கும்போது எடுத்தால் போதும்" என்றார் ஏஜென்ட். விதிப்படி அது தவறில்லை. விண்ணப்பித்தபின் குடிவரவுத் துறை கடிதம் அனுப்பும், 30 நாட்களுக்குள் பரிசோதனைக்குப் போக வேண்டும். மே மாதம் விண்ணப்பித்தேன், ஜூனில் கடிதம் வந்தது, ஜூலை தொடக்கத்தில் பேனல் டாக்டரிடம், அதாவது அந்தத் துறையின் பட்டியலில் உள்ள டாக்டரிடம், போனேன்.

உயரம், எடை, பார்வை, இரத்தம், சிறுநீர் எல்லாம் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிட்டன. மார்பு எக்ஸ்ரேயில்தான் நின்றது. வலது நுரையீரலின் மேற்பகுதியில் ஒரு வடு. அது ஆறிப்போன பழைய வடுவா, உள்ளே கிருமி இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று படத்தை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது. எனவே அடுத்தடுத்து மூன்று நாள் காலையில் சளி கொடுக்கச் சொன்னார்கள். நுண்ணோக்கியில் பார்த்த முடிவு சீக்கிரம் வந்துவிட்டது, கிருமி இல்லை. ஆனால் அது போதாது, சளியில் கிருமி வளர்கிறதா என்று ஆய்வகத்தில் வைத்துப் பார்க்கும் கல்ச்சர் முடிவும் வேண்டும். காசநோய்க் கிருமி ஒரு முறை பெருகவே ஏறக்குறைய ஒரு நாள் எடுத்துக்கொள்ளும். மற்ற கிருமிகள் சில நாட்களில் வளர்ந்துவிடும், இதற்கு எட்டு வாரம் வரை காத்திருந்தால்தான் இல்லை என்று உறுதியாகச் சொல்ல முடியும். பணம் கட்டியோ கெஞ்சியோ அந்த எட்டு வாரத்தைக் குறைக்க வழியில்லை.

செப்டம்பர் முதல் வாரம் வகுப்புகள் தொடங்கின. என் கல்ச்சர் முடிவு செப்டம்பர் நடுவில் வந்தது, கிருமி இல்லை என்று. கல்லூரி ஜனவரிக்கு மாற்றித் தந்ததால் படிப்பு தப்பியது. அந்த எட்டு வாரமும் அம்மா தினமும் என் இருமலைக் காதுகொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். அதை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது.

விண்ணப்பத்துக்கு முன்பே மெடிக்கல் எடுக்கக் கனடா அனுமதிக்கிறது. 'அப்ஃப்ரன்ட் மெடிக்கல்' என்பது அதுதான். குடும்ப டாக்டர் செய்ய முடியாது, அவர்கள் பட்டியலில் உள்ள பேனல் டாக்டர்தான் செய்ய வேண்டும். அவர் முடிவுகளைக் கணினி வழியே நேரடியாக அனுப்பிவிடுவார், நம் கையில் தரும் தாளை விண்ணப்பத்தோடு இணைக்க வேண்டும். மாணவர் விசாவை விரைவாகப் பரிசீலித்த, 2024 நவம்பரில் நிறுத்தப்பட்ட எஸ்டிஎஸ் திட்டத்தில் இதை முன்கூட்டியே முடித்தாக வேண்டியிருந்தது. இப்போது அந்தக் கட்டாயம் இல்லாததால் பலர் தள்ளிப்போடுகிறார்கள். எனக்கு அதுதான் கவலை.

அதற்காக மிக முன்னதாகவும் ஓடாதீர்கள். முடிவு 12 மாதம்தான் செல்லும். விண்ணப்பிக்கும் நாளில் செல்லுபடியாக இருப்பது மட்டும் போதாது, கனடாவில் கால் வைக்கும் நாளிலும் அது காலாவதியாகாமல் இருக்க வேண்டும். என் தோழி ஒருத்தி செப்டம்பர் சேர்க்கைக்காக முந்தைய டிசம்பரிலேயே எடுத்துவிட்டாள். படிப்பு ஜனவரிக்குத் தள்ளிப்போனதும், கட்டிய பணம் வீணாகி எல்லாவற்றையும் முதலிலிருந்து எடுக்க வேண்டியதாயிற்று.

என்னைக் கேட்டால், செப்டம்பரில் சேர்பவர்களுக்குப் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை சரியான காலம். ஆஃபர் லெட்டர் கைக்கு வந்து, போவது என்று வீட்டில் முடிவானதும் எடுத்துவிடுங்கள். எப்போதோ காசநோய் வந்தவர்கள் அதற்குமேல் ஒரு வாரம்கூடத் தாமதிக்க வேண்டாம். மறைக்கவும் வேண்டாம், எக்ஸ்ரே காட்டிவிடும். சிகிச்சை முடிந்த சான்றும் பழைய எக்ஸ்ரேயும் இருந்தால் எடுத்துப் போங்கள், ஒப்பிட்டுப் பார்க்க டாக்டருக்கு உதவும். என் பழைய படத்தை வீடு மாறியபோது எறிந்துவிட்டோம்.

பெண்களுக்கு ஒன்று, இதை எனக்கு யாரும் சொல்லவில்லை: மாதவிலக்கு நாட்களில் போகாதீர்கள். சிறுநீரில் இரத்தம் தெரிந்தால் மறுபடி வரச் சொல்வார்கள். கருவுற்றிருந்தால் எக்ஸ்ரேக்கு முன்பே சொல்லிவிடுங்கள், பிரசவம் வரை அதைத் தள்ளிவைக்க இடமுண்டு. கண்ணாடி அணிபவர்கள் அதை மறக்காமல் கொண்டுபோங்கள், பாஸ்போர்ட்டும் அசலாகவே வேண்டும்.

என் தம்பிக்குப் போன வாரம் ஆஃபர் லெட்டர் வந்தது. வரும் செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரை மணிக்குப் பேனல் டாக்டரிடம் நேரம் வாங்கியிருக்கிறேன்.