பள்ளத்தூர் நாட்குறிப்பு: பழைய கார், வாட்டர் பம்ப், வாரண்டி

2025 மே 6

அக்னி நட்சத்திரம் தொடங்கி மூன்றாம் நாள். கண் பரிசோதனைக்காக அப்பத்தாவை மதுரைக்கு அழைத்துக்கொண்டு காலை ஏழு மணிக்குப் புறப்பட்டேன். பிள்ளையார்பட்டி விலக்கைத் தாண்டிச் சிறிது தூரம் போனதும் வெப்ப விளக்கு சிவந்தது. அடுத்த நொடியே இன்ஜின் விளக்கும் எரிந்தது. முதலில் கண்ணில் பட்ட புளியமரத்தடியில் ஒதுக்கி அணைத்தேன். மணி 7.52.

எதிரே இருந்த டீக்கடைக்காரர் வாளி நிறையத் தண்ணீரோடு ஓடிவந்தார். நல்ல மனிதர். ஆனாலும் ரேடியேட்டர் மூடியில் கைவைக்க வேண்டாம் என்று தடுத்துவிட்டேன். உள்ளே இருக்கும் கூலன்ட், அதாவது இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம், அழுத்தத்தில் இருப்பதால்தான் நூறு டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் நிற்கிறது. மூடி திறந்த கணத்தில் ஆவியாகி முகத்தில் அடிக்கும். சுட்டுக் கிடக்கும் அலுமினிய ஹெட்டில், அதாவது இன்ஜினின் மேல்பகுதியில், பச்சைத் தண்ணீர் பட்டால் விரிசல் விடவும் கூடும். அந்தத் தண்ணீரில் அப்பத்தா முகம் கழுவிக்கொண்டார்.

8.04க்கு வாரண்டி நிறுவனத்துக்குப் போன் செய்து புகார் எண் வாங்கினேன். இது கார் தயாரித்த நிறுவனத்தின் வாரண்டி அல்ல. ஜனவரியில் பழைய காராக வாங்கியபோது, விற்ற கடை மூலம் வேறொரு நிறுவனத்திடம் 11,800 ரூபாய் கட்டி எடுத்தது. ஓராண்டு அல்லது 15,000 கிலோமீட்டர், எது முந்துகிறதோ அது. நான் ஓட்டியது 3,100 கிலோமீட்டர்தான். மதுரையில் அவர்கள் ஒப்புதல் பெற்ற பட்டறைக்கு வண்டியை இழுத்துவரச் சொன்னார்கள்.

அதற்குள் கழனிவாசலில் பட்டறை வைத்திருக்கும் பாய், இன்ஜின் கணினியின் பதிவைப் படிக்கும் ஸ்கேனரோடு பைக்கில் வந்து சேர்ந்தார். எதையும் கழற்றவில்லை. ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள பிளக்கில் கருவியைச் செருகி, திரையை என்னிடம் காட்டினார். பழுது பதிவான நொடியில் கூலன்ட் வெப்பம் 118 டிகிரி, வேகம் 52. அதற்கடுத்த பக்கத்தில் இருந்த ஒரு வரியைத்தான் அவர் விரலால் தட்டிக்காட்டினார்: பழுது விளக்கு எரிந்தபின் ஓடிய தூரம், 1 கிலோமீட்டர்.

“இதைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், தம்பி. பேட்டரியைக் கழற்றினாலோ பிழையை அழித்தாலோ இது போய்விடும். போனபின் யார் சொல்வதை யார் நம்புவது?”

நான்கு படங்கள் எடுத்தேன். ஒன்றில் திரையோடு ஓடோமீட்டரும் தெரிகிறது.

மே 7

அப்பத்தாவின் பரிசோதனையை இரண்டு வாரம் தள்ளிக் கேட்டிருக்கிறேன். நேற்றைய வெயிலில் களைத்துப் படுத்துவிட்டார்.

மே 9

மதுரைப் பட்டறையிலிருந்து பேசினார்கள். கூலன்டைச் சுற்றவைக்கும் வாட்டர் பம்பின் சீல் (கசிவுத் தடுப்பு) போய், கூலன்ட் முழுதும் வடிந்திருக்கிறது. ஹெட்டுக்கு அடியில் உள்ள அடைப்புத் தகடான ஹெட் கேஸ்கெட் புகைந்துவிட்டது. ஹெட் லேசாக வளைந்திருக்கிறது, லேத்தில் கொடுத்து முகம் எடுத்துச் சமப்படுத்த வேண்டும். மொத்த மதிப்பீடு 38,400 ரூபாய்.

மாலையில் வாரண்டி நிறுவனத்தின் மின்னஞ்சல். கோரிக்கை நிராகரிக்கப்பட்டது. பழுதை ஆய்ந்த சர்வேயர் சொல்லியிருக்கும் காரணங்கள் இரண்டு. பம்பில் காய்ந்த கறை இருப்பதால் இது பழைய கசிவு, ஆகவே உரிமையாளரின் கவனக்குறைவு. எச்சரிக்கை விளக்கு எரிந்தபின்னும் வண்டி ஓட்டப்பட்டதால் ஹெட் கெட்டது, ஆகவே ஒப்பந்தத்தில் அடங்காது.

இரண்டாவது காரணத்தைப் படித்தபோது கை நடுங்கியது. ஒதுக்கி நிறுத்த ஆன தூரத்துக்கு மேல் நான் ஓட்டவில்லை. எண்பத்து நான்கு வயது அப்பத்தாவைப் பின் இருக்கையில் வைத்துக்கொண்டு, சிவப்பு விளக்கைப் பார்த்தும் ஓட்டினேன் என்று, என் முகத்தைக்கூடப் பார்க்காத ஒருவர் எழுதிவிட்டார்.

பட்டறைக்குப் பேசி, இன்ஜின் பதிவில் தூரம் எவ்வளவு காட்டுகிறது என்று கேட்டேன். வண்டி வந்த அன்றே வழக்கம்போல் எல்லாப் பிழைகளையும் அழித்துவிட்டார்களாம்.

மே 10

ஒப்பந்தத்தின் பதினான்கு பக்கங்களையும் இன்றுதான் ஒரு சொல் விடாமல் படித்தேன். ஜனவரியிலேயே படித்திருக்க வேண்டியது. பெல்ட், ஹோஸ், கிளட்ச் பிளேட், பிரேக் பேட் போன்ற தேய்மானப் பொருள்கள் அடங்கா. வாட்டர் பம்ப் அடங்கும், பெயர் சொல்லியே எழுதியிருக்கிறது. அடங்கும் ஒரு பாகம் கெட்டு, அதனால் இன்னொரு அடங்கும் பாகம் கெட்டால் அதுவும் சேரும். உரிமையாளர் உடனே நிறுத்தியிருக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை.

பாயின் பட்டறைக்குப் போனேன். மேசை மேல் ஒரு பழைய பம்பை வைத்து விளக்கினார். தண்ணீர் பக்கத்துக்கும் பேரிங்குக்கும் நடுவில் சீல். சீலுக்குப் பின்னால் பென்சில் முனை அளவில் ஒரு துளை. சீல் விட்டுக்கொடுத்தால் கூலன்ட் பேரிங்குக்குள் போகாமல் அந்தத் துளை வழியாக வெளியே வடிய வேண்டும், அதற்காகவே வைத்த துளை அது. ஆக, துளையோரம் கறை இருக்கிறது என்றால் சீல் கெட்டது என்றுதான் பொருள். வாரண்டியில் அடங்கும் பாகம் பழுதான அடையாளத்தையே என் குற்றமாக எழுதியிருக்கிறார்கள்! என் வண்டியில் அந்தப் பம்ப் பெல்ட்டுக்குப் பின்னால், மறைப்புக்கு உள்ளே இருக்கிறது. வண்டியைத் தூக்கி மறைப்பைக் கழற்றாமல் எவர் கண்ணிலும் படாது.

இரவு அப்பத்தா கேட்டார், “எழுதி வாங்கியிருக்கிறாயா?” அவருடைய அப்பச்சி (அப்பா) பர்மாவில் வட்டிக்கடையில் பெட்டியடிப் பையன் என்ற கீழ்நிலை வேலையில் சேர்ந்து, கடைப் பொறுப்பாளருக்கு அடுத்த நிலையான அடுத்தாள் வரை உயர்ந்தவர். வரவும் செலவும் அன்றன்றைக்குப் பேரேட்டில் ஏறாவிட்டால் சோற்றில் கை வைக்க மாட்டாராம். அந்தப் பேரேடுகளில் இரண்டு இன்னும் எங்கள் வீட்டு இரண்டாம் கட்டு அலமாரியில் இருக்கின்றன.

வீட்டில் இருந்த தாள்கள் எல்லாவற்றையும் முற்றத்துத் திண்ணையில் பரப்பினேன். வாங்கும்போது கொடுத்த பரிசோதனை அறிக்கையில் ‘கூலன்ட் கசிவு: இல்லை’ என்று முத்திரையோடு இருக்கிறது. மார்ச் 30 சர்வீஸ் பில்லில் கூலன்ட் நிரப்பிய வரி இருக்கிறது. ஏப்ரல் 20இல் அளவு சரியாக இருந்ததாக என் குறிப்பேட்டில் நானே எழுதியிருக்கிறேன். அதற்குப் பின் பார்க்கவில்லை. அந்தப் பதினாறு நாள் என் பிழைதான், மறைக்க மாட்டேன்.

மே 13

மூன்று பக்கக் கடிதம் எழுதி மின்னஞ்சலிலும் பதிவுத் தபாலிலும் அனுப்பினேன். கோபத்தை எழுதவில்லை. நேர வரிசையை மட்டும் எழுதினேன்: 7.52 நிறுத்தம், 8.04 அழைப்பு, ஸ்கேனர் படம், ஒப்பந்தத்தின் பிரிவு எண்கள். எந்தப் பிரிவின் எந்தச் சொல்லால் நிராகரித்தீர்கள் என்று எழுத்தில் கேட்டேன். கழற்றிய பம்பை வீசிவிடாமல் பத்திரமாக வைக்கும்படி பட்டறைக்கும் தனியாக எழுதினேன்.

பதினைந்து நாளில் சரியான பதில் வராவிட்டால் சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன் என்பது கடைசிப் பத்தி. நிறுவனம் வெளியூரில் இருந்தாலும் அங்கே அலைய வேண்டியதில்லை. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, புகார் கொடுப்பவர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த விலை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் கிடையாது. 1915 என்ற தேசிய உதவி எண்ணிலும் பதிவு செய்துவிட்டேன்.

மே 20

அப்பத்தாவை வாடகைக் காரில் மதுரைக்கு அழைத்துப் போய்வந்தேன். கண் நிலை மாறவில்லை என்றார் டாக்டர். திரும்பும்போது பட்டறையில் இறங்கி வளைந்த ஹெட்டைப் பார்த்தேன். நேர்க்கட்டையை வைத்து, அடியில் மெல்லிய தகடு நுழைகிறதா என்று பார்க்கிறார்கள். முடியளவு இடைவெளிக்கு இத்தனை ஆயிரம்.

மே 24

அவர்களின் மேலதிகாரி ஒருவர் போனில் பேசினார். ஸ்கேனர் படத்தின் மூலக் கோப்பைக் கேட்டார், அனுப்பினேன். “முதலிலேயே இதைக் கொடுத்திருக்கலாமே?” என்றார். முதலில் யாரும் என்னிடம் எதையும் கேட்கவில்லை என்றேன். சற்று நேரம் மறுமுனையில் பேச்சில்லை.

மே 28

கோரிக்கை ஏற்கப்பட்டது. பம்ப், ஹெட் கேஸ்கெட், லேத் வேலை, கூலி எல்லாம் அவர்கள் பொறுப்பு. கூலன்ட், இன்ஜின் ஆயில், பெல்ட், வண்டி இழுத்த செலவு என்னுடையவை: 9,150 ரூபாய். இழுத்த செலவையும் கேட்கலாம் என்று பாய் சொன்னார். ஒப்பந்தத்தில் அது இல்லை, கேட்க மாட்டேன்.

ஜூன் 4

வண்டி வந்துவிட்டது. பாய் ஒருமுறை சுற்றிப் பார்த்தார். கூலன்டில் போர் தண்ணீரைக் கலக்காமல் வாலை நீர் (காய்ச்சி வடித்த நீர்) கலந்திருக்கிறார்களா என்று பில்லில் விரல் வைத்துத் தேடினார், இருந்தது. ஸ்கேனருக்கு அன்றும் இன்றும் காசு வாங்க மறுத்துவிட்டார். அப்பத்தா கொடுத்தனுப்பிய மணகோலப் பலகாரத்தை மட்டும் வாங்கிக்கொண்டார்.

புதுப் பம்பின் எண்ணையும் பொருத்திய கிலோமீட்டரையும் குறிப்பேட்டில் ஏற்றினேன். ஞாயிறுதோறும் காலையில், இன்ஜின் சூடேறும் முன், கூலன்ட் அளவைப் பார்த்து எழுதக் கட்டம் போட்டிருக்கிறேன். மதுரைக்கு அடுத்த பயணம் ஜூன் 17.