பூச்சு பூசுறதுக்கு முன்னாடி கேட்டுருங்க: கிராம சபைல நாங்க கரெண்டு அடுப்புக்கு லைன் கேட்ட அனுபவம்

எங்க அப்பத்தா ரொம்ப வருஷம் ஒரு ஆச்சி வீட்டுல சமையலுக்குப் போனவங்க. அந்த வீட்டு அடுப்படி கடைசிக் கட்டுல இருக்கும், பக்கத்துலயே வானம் பாத்த முத்தம், வெறகு எரிச்சாக்கூட பொகை மேல போயிரும். இப்ப எங்க அயித்தைக்குக் கலைஞரின் கனவு இல்லம் திட்டத்துல வீடு வந்துச்சு, மொத்தமே 360 சதுர அடி, அடுப்புக்கும் கட்டிலுக்கும் நடுவுல நாலு எட்டுதான், ஜன்னலைத் தொறந்தா பக்கத்து வீட்டுச் செவரு. கேஸ்ல பொகையே இல்லைன்னு நெனைக்கிறோம், ஆனா அது எரியும்போது நைட்ரஜன் டை ஆக்சைடு வருது, கண்ணுக்குத் தெரியாது, மூச்சுக்குழாயைப் போய் எரிச்சல் பண்ணும், வீசிங் இருக்குற புள்ளைங்களுக்கு இன்னும் கெடுதல். அயித்தை மகளுக்கு வீசிங் இருக்கு.

அதுக்காக எங்க அண்ணன் ஒரு இண்டக்‌ஷன் அடுப்பு வாங்கிட்டு வந்தாரு, மாட்ட எடமே இல்ல. அடுப்படில இருந்தது ஒரே ஒரு 6 ஆம்ப் பிளக்கு, அதுவும் லைட்டு ஃபேனோட சேந்த லைனு. 2000 வாட் அடுப்பு கிட்டத்தட்ட 9 ஆம்ப் இழுக்கும், அதுல போட்டா ஒயர் சூடாகி உருகிரும், தனி லைன் இழுக்கணும்னா செவரைக் கொத்தணும்னு எலக்ட்ரீசியன் மாமா சொல்லிட்டாரு. வெள்ளையடிச்சு ரெண்டு மாசம்கூட ஆகல, அயித்தை மொகத்தைப் பாக்க முடியல. கட்டும்போதே ஒரு பைப்பு வச்சிருந்தா முடிஞ்சிருக்கும். எங்க ஊராட்சில இன்னும் நெறைய வீடு வரப்போகுது, அதுகளுக்காவது கேப்போம்னு தெருப் பசங்க ஆறு பேரு சேந்தோம்.

மே 1 கிராம சபைக்கு ஒரு பேப்பர்ல எழுதி எடுத்துட்டுப் போனோம். கூட்டப்பொருள்ல இல்ல, முன்னாடியே எழுதிக் குடுத்திருக்கணும்னு சொல்லி வாங்காம அனுப்பிட்டாங்க. கோவம்தான், ஆனா அந்த மூணு மாசம் கெடச்சது நல்லதுக்குத்தான்னு இப்ப தோணுது, ஏன்னா மொத மனுல நாங்க எழுதுனது "புது வீடுகளுக்கு கேஸ் வேண்டாம்"னு. அமெரிக்காவுல பெர்க்லிங்கிற ஊர்ல 2019லயே புதுக் கட்டடங்களுக்கு கேஸ் லைன் கூடாதுன்னு சட்டம் போட்டாங்க, 2023ல மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைச் செல்லாதுன்னு சொல்லிருச்சு. அதைப் படிச்சதும்தான் எங்களுக்குள்ள பெரிய விவாதம். கேஸை எடுக்கச் சொல்லிக் கேக்க வேண்டாம், கரெண்டு அடுப்பு வைக்க வசதி பண்ணுங்கன்னு மட்டும் கேப்போம்னு மாத்துனோம். 16 ஆம்ப் பிளக்கு, அதுக்குத் தனி எம்சிபி (லோடு கூடுனா தானா ஆஃப் ஆகிக்கிற சுவிட்சு), கனமான செம்பு ஒயர், ஒழுங்கான எர்த்து, அவ்ளோதான்.

அப்புறம் வீடு வீடா காந்தத்தை எடுத்துட்டுப் போனோம். பாத்திரத்து அடில காந்தம் ஒட்டுனா இண்டக்‌ஷன்ல வேலை செய்யும். தோசைக்கல்லு ஒட்டுச்சு, அலுமினிய குக்கர் ஒட்டல, ஈயச்சொம்பு ஒட்டல, இருப்புச்சட்டி ஒட்டுனாலும் அடி உருண்டையா இருக்குறதால உக்கார மாட்டேங்குது. எல்லா வீட்டுலயும் கடைசில ஒரே கேள்விதான், "வெள்ளைப் பணியாரம் வருமா?" அதுக்கு எங்ககிட்ட பதில் இல்ல. அப்பத்தாவையே கேட்டோம், அடி தட்டையான சட்டி வாங்கிக் குடுத்து ஒரு சாயங்காலம் சுட்டுப் பாத்தாங்க, மொத ரெண்டு செவந்துருச்சு, வெள்ளைப் பணியாரம் செவந்தா அது பணியாரமே இல்ல. சூட்டைக் கொறச்சு எண்ணெயை ஆற விட்டு மறுபடி ஊத்துனாங்க, மூணாவது வெள்ளையா உப்பி எழுந்துச்சு. "தீயி ஒரே சீரா நிக்குதுத்தா"ன்னு அப்பத்தா சொன்னதுதான் எங்களுக்குக் கெடச்ச மொத ஆதரவு.

ஜூலைலயே மனுவ ரெண்டு காப்பி குடுத்து ஒண்ணுல சீல் போட்டு வாங்கிக்கிட்டோம். இத மறக்காதீங்க, அந்தச் சீல் இருந்ததாலதான் ஆகஸ்ட் 15 கூட்டத்துல எங்க பொருளைத் தள்ள முடியல. பேச எந்திரிச்சதும் ஒரு பெரியவர் "ஏத்தா, கரெண்டு போச்சுனா சோத்துக்கு எங்க போறது?"ன்னு கேட்டாரு. நியாயமான கேள்வி, எங்க பக்கம் கோடைல லோ வோல்டேஜ் வேற. சிலிண்டரைத் தூக்கிப் போடச் சொல்லல ஐயா, ரெண்டும் இருக்கட்டும்னு சொன்னேன். செலவு கேட்டாங்க. 14.2 கிலோ சிலிண்டர்ல ஆகுற சமையலுக்கு இண்டக்‌ஷன்ல 130, 140 யூனிட் வாக்குல ஆகும்னு கணக்குப் போட்டு வச்சிருந்தோம். அப்போ இருந்த ரேட்டுப்படி ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட் இலவசம், 500 தாண்டாத வீட்டுக்குக் கட்டுப்படியாகும், தாண்டுனா ரேட்டு ஏறிரும், உஜ்வலா கேஸ் திட்டத்துல மானியம் வாங்குறவங்களுக்கு இப்போதைக்கு கேஸே லாபமா இருக்கலாம்னும் மறைக்காம சொன்னோம். அதைச் சொன்னது சரிதான்னு நெனைக்கிறேன், அதுக்கப்புறம்தான் பின்னாடி உக்காந்திருந்த பொம்பளைங்க பேச ஆரம்பிச்சாங்க. தீர்மானம் நிறைவேறுச்சு, தீர்மானப் புத்தகத்துல எழுதுனதைப் படிச்சுப் பாத்துட்டுதான் கையெழுத்துப் போட்டோம்.

அதோட முடியல. மதிப்பீட்டுல இதுக்குத் தனியா காசு இல்லைன்னு மேல இருந்து சொல்லிட்டாங்க, பயனாளிங்க விருப்பப்பட்டா சொந்தக் காசுல போட்டுக்கலாமாம். எலக்ட்ரீசியன் மாமா கூலி வாங்காம செய்யுறேன்னாரு, ஒயரு பைப்பு எல்லாம் சேத்து வீட்டுக்கு 2,000 சொச்சம். இதுவரைக்கும் நாலு வீடு முடிஞ்சிருக்கு. அயித்தை வீட்டுலயும் செவரைக் கொத்திட்டோம், அவங்களே கொத்தச் சொல்லிட்டாங்க.

வர்ற வாரம் இன்னும் ரெண்டு வீட்டுல தளம் போடுறாங்க. கம்பி கட்டி முடிச்சு காங்கிரீட் கொட்டுறதுக்குள்ள பைப்பு படுக்கணும், கொத்தனார் அண்ணன்கிட்ட போன்ல சொல்லியாச்சு, இருந்தாலும் காலைல ஆறு மணிக்கெல்லாம் நேர்ல போய் நின்னுருவோம்.