தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வந்தது?

மழைநீர்க் கால்வாய் திட்டங்களில் வடிவமைப்புப் பொறியாளராக வேலை பார்க்கிறேன். எங்கள் துறையில் மக்கள் கருத்துக் கேட்பு பெரும்பாலும் கடைசியில்தான் வரும். வரைபடம் முடிந்து, மதிப்பீடு போட்டு, நிர்வாக ஒப்புதலும் கிடைத்த பிறகு ஒரு கல்யாண மண்டபத்தில் கூட்டம் நடக்கும். அந்த நேரத்தில் மக்கள் சொல்ல முடிவது சம்மதம் அல்லது ஆட்சேபணை, அவ்வளவுதான். தாம்பரத்துக்கு மேற்கே, அடையாற்றை ஒட்டிய ஒரு நகரில் இந்த வரிசையை மாற்றிப் பார்த்தோம். காகிதத்தில் ஒரு கோடுகூடப் போடாமல், உயரம் அளக்கும் ஆட்டோ லெவல் கருவியையும், அதோடு பயன்படுத்தும் 'ஸ்டாஃப்' என்ற அளவுக்கோலையும் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கினோம். வீட்டுக்கு வீடு கேட்டது ஒரே கேள்வி: "தண்ணி எந்தப் பக்கத்துலேருந்து வந்துச்சு?"

2015 டிசம்பர் 1ஆம் தேதி மழையைப் பற்றி அங்கே யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. கொட்டியது. செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்துவிட்டதால்தான் முடிச்சூர், வரதராஜபுரம் எல்லாம் மூழ்கின என்று இன்றும் வெளியே பேசுகிறார்கள். ஆனால் செம்பரம்பாக்கத்தின் உபரிநீர் அடையாற்றில் சேருவது திருநீர்மலை அருகே. இந்தப் பகுதிகள் அதற்கு மேலே இருக்கின்றன. இங்கே வந்து நின்றது ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகளிலிருந்து இறங்கிய தண்ணீர். எந்தத் தண்ணீரைத் தடுக்கப்போகிறோம் என்று தெரியாமல் கால்வாய் வெட்டுவதில் அர்த்தமில்லை என்பதால், இதை எல்லோரிடமும் பொறுமையாகப் பேசிப் புரியவைத்தோம்.

தெருவுக்குத் தெரு பதில் மாறியது. மேற்கே இருப்பவர்கள் ரோட்டு வழியாக வந்தது என்றார்கள். ஆற்றை நோக்கிய தாழ்வான தெருவில் தனியாக இருந்த ஒரு பாட்டி சொன்னது வேறு. "மழை விட்டிருந்துச்சு தம்பி. அதுக்கப்புறம்தான் காவாயிலேருந்து எதிர்த்து ஏறுச்சு. முதல்ல பாத்ரூம் ஓட்டை வழியா வந்துது." வெள்ளம் எவ்வளவு உயரம் நின்றது என்று கேட்டதும் மீட்டர் பெட்டியைத் திறந்து காட்டினார். சுவருக்குப் புதுசாகச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். பெட்டியின் உள்பக்கத்தில் மட்டும் சேற்றுக் கோடு அப்படியே இருந்தது, ஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி நேராக. அந்தக் கோட்டுக்கு லெவல் எடுத்தோம். பக்கத்து வீடுகளில் கேட் கொண்டி, மூன்றாவது படி, சாமி அலமாரியின் கீழ்த்தட்டு என்று ஆளுக்கொரு அடையாளம். எல்லாவற்றையும் கடல் மட்டக் கணக்குக்கு மாற்றிப் பார்த்தபோது, ஒரே தெருவில் இருந்தவை ஒன்றோடொன்று நெருக்கமாகவே பொருந்தின. அந்த நாளின் வெள்ள மட்டத்தை இவ்வளவு துல்லியமாக எனக்குத் தரக்கூடிய பதிவேடு எந்த அலுவலகத்திலும் இல்லை.

நாங்கள் வழக்கமாகப் போடும் கணக்கு எளிது. பரப்பளவு, மழையின் வேகம், பெய்த மழையில் எவ்வளவு பங்கு மண் உறிஞ்சாமல் வழிந்தோடும் என்பதற்கு ஒரு குணகம், மூன்றையும் பெருக்கினால் கால்வாய் சுமக்க வேண்டிய அளவு கிடைக்கும். மழைநீர் வடிகாலுக்காக மத்திய அரசு 2019இல் வெளியிட்ட கையேட்டிலும் இந்த முறை இருக்கிறது. நகருக்குள் விழும் மழைக்கு இது போதும். ஆறு உயர்ந்து நிற்கும்போது என்ன ஆகும் என்பதை இந்தப் பெருக்கல் சொல்லாது. மீட்டர் பெட்டிக் கோட்டின்படி, அன்று ஆற்றின் மட்டம் தெருவைவிட உயரம். அப்படியென்றால் நகரிலிருந்து ஆற்றுக்கு நேராக ஒரு பெரிய கான்கிரீட் கால்வாய் கட்டினால், சாதாரண மழையில் அது தெருவை வடிக்கும், பெருவெள்ளத்தில் ஆற்றையே வீட்டுக்குள் கொண்டுவரும். அதனால் கால்வாய் ஆற்றில் சேரும் இடத்தில் ஷட்டர் வேண்டும். ஷட்டரை மூடினால் உள்ளே பெய்யும் மழை தங்க ஓர் இடம் வேண்டும், அதை இறைக்க மோட்டார் வேண்டும்.

தங்கும் இடத்தைக் காட்டியவர் ஓய்வுபெற்ற ஒரு தலையாரி. குப்பை கொட்டும் மைதானமாக நாங்கள் பார்த்த நிலத்தைத் 'தாங்கல்', அதாவது சிறிய ஏரி, என்றார். வருவாய்த்துறையின் நிலப் பதிவேடான அ-பதிவேட்டை எடுத்துப் பார்த்தோம். தாங்கல் புறம்போக்கு என்றே இருந்தது. அதன் கலங்கலிலிருந்து (நிரம்பிய தண்ணீர் வழியும் இடம்) உபரிநீர் போன பாதையையும் அவரே நடந்து காட்டினார். இரண்டு இடத்தில் எல்லைக்கல் இன்னும் நின்றது. அவருக்குப் பின்னால் அன்று நடந்து வந்த இளைஞர்கள், தாங்கள் கிரிக்கெட் ஆடும் இடம் ஒரு நீர்நிலை என்று தெரிந்ததும் அடுத்தடுத்துக் கேள்வி கேட்டார்கள். மறக்க முடியாத காலை அது.

எல்லாம் சுமுகமாக நடந்துவிடவில்லை. பெரிய சண்டை, கால்வாயை மூடுவதா திறந்து விடுவதா என்பதில். கொசு, நாற்றம், குழந்தைகள் விழும் பயம் என்று மூடச் சொன்னார்கள். மூடினால் கார் நிறுத்தலாம் என்ற ஆசையும் இருந்தது. என் அனுபவத்தில் மூடிய கால்வாயைத் தூர்வாருவதே இல்லை, அடைத்துக்கொண்ட பிறகுதான் உடைப்பார்கள். கழற்றி மாட்டக்கூடிய மூடிகள், வீட்டு வாசல்களுக்கு முன் மட்டும் நிரந்தரப் பாலம் என்று ஒரு வழிக்கு வந்தோம். எனக்கு முழுத் திருப்தி இல்லை. சரி, அங்கே குடியிருப்பவர்கள் அவர்கள்.

கூட்டத்துக்கே வராதவர்கள்தான் என்னை அதிகம் உறுத்தினார்கள். பழைய வாய்க்கால் கரையில் குடிசை போட்டிருந்த குடும்பங்கள், வாடகைக்கு இருப்பவர்கள். காலை பதினோரு மணிக்குக் கூட்டம் வைத்தால் சித்தாள் வேலைக்குப் போகும் பெண் எப்படி வருவார்? ஞாயிறு சாயங்காலம் கரைக்கே போய் உட்கார்ந்தோம். அவர்கள் முதலில் கேட்டது கால்வாயைப் பற்றி அல்ல. "எங்கள பெரும்பாக்கத்துக்கு அனுப்பிடுவீங்களா சார்?" அடையாற்றங்கரையிலிருந்து அங்கே மாற்றப்பட்டவர்களுக்கு வேலையும் பள்ளியும் எவ்வளவு தூரமாகிப்போயின என்று அவர்களுக்குத் தெரியும். பெரும்பாக்கமும் வெள்ளம் சூழும் இடம்தான். கால்வாயின் பாதையை ஒரு பக்கமாகத் தள்ளி அகலத்தைக் குறைத்ததில் பாதிக் குடும்பங்களுக்கு மேல் இருந்த இடத்திலேயே இருக்க முடிந்தது. மற்றவர்களுக்கு அருகிலேயே மாற்று இடம் வேண்டும் என்று அறிக்கையில் எழுதினேன். அது முன்னுரையில் ஒரு வரியாகக் கரைந்துவிடாமல் இருக்க, செலவு மதிப்பீட்டிலேயே சேர்த்தேன்.

கடைசிக் கூட்டம் முழுக்க ஷட்டரைப் பற்றித்தான். இரவு இரண்டு மணிக்கு ஆறு ஏறினால் அதை யார் மூடுவது? சாவி தொலைவில் ஓர் அலுவலகத்தில் இருந்தால் என்ன பயன்? கேட்டது ஒரு பள்ளி ஆசிரியை. அங்கேயே முடிவு செய்தோம்: ஒரு சாவி பொறுப்பு ஊழியரிடம், இன்னொன்று ஷட்டருக்கு மிக அருகில் உள்ள தெருவில். ஆற்றில் எந்த மட்டம் வந்தால் மூட வேண்டும் என்பதைப் பாலத் தூணில் சிவப்புக் கோடாகப் போடுவது. வருடா வருடம் செப்டம்பரில் எல்லோர் முன்னிலையிலும் ஒருமுறை மூடித் திறந்து பார்ப்பது. அந்தச் சிவப்புக் கோட்டின் உயரத்தை மீட்டர் பெட்டிக் கோட்டிலிருந்து இரண்டு அடி கீழே வைத்தோம். அடுத்த நாள் அதை வரைபடத்தில் ஏற்றி, கூட்டக் குறிப்போடு ஒப்பந்தப்புள்ளி ஆவணத்தில் இணைத்து அனுப்பினேன்.