கொள்ளிடக் கரையில் தாரும் மண்ணும்

சென்ற மாசி மாதம், முக்கொம்பில் தொடங்கி கொள்ளிடத்தின் தென்கரையை ஒட்டியே அணைக்கரை வரை சுமார் 100 கிலோமீட்டர் மிதிவண்டியில் சென்றேன். 1830-களில் ஆர்தர் காட்டன் கட்டிய மேலணையிலிருந்து அவரே கட்டிய கீழணைக்குச் செல்லும் வழி அது. முழுவதும் தார்ச்சாலையாக இருந்திருந்தால் ஐந்து மணி நேரத்தில் முடிந்திருக்கும். எனக்கு எட்டரை மணி நேரம் பிடித்தது.

200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டிய ‘பிரெவே’ எனும் நெடுந்தூர மிதிவண்டிப் பயணங்களில் பழகியவன் என்பதால், தூரத்தைச் சொன்னாலே நேரத்தைச் சொல்லிவிடுவேன் என்ற இறுமாப்பு எனக்கு இருந்தது. அது கல்லணையைத் தாண்டி, கோவிலடி வரும்வரை கூட நிலைக்கவில்லை. வெள்ளத்தைத் தடுக்க வண்டல் மண்ணைக் கொட்டி உயர்த்திய கரை அது. டிராக்டர்கள் ஓடி ஓடி அந்த மண் மாவாகிவிட்டிருந்ததால், முன்சக்கரம் அதில் புதைந்து தன் போக்கில் திரும்பியது. டயர்களில் 55 பிஎஸ்ஐ அழுத்தத்தில் காற்று வைத்திருந்தது என் தவறுதான். காற்று இறுக்கமாக இருந்தால் ஒவ்வொரு கல்லும் வண்டியையும் ஆளையும் சேர்த்துத் தூக்கிப் போடும். குறைத்தால் டயர் கல்லின்மேல் அமுங்கி உருளும், மணலிலும் அகலமாகப் படிந்து புதையாமல் செல்லும். 42 மில்லிமீட்டர் டயரில் 35-க்கு இறக்கிய பிறகே வண்டி என் சொல் கேட்டது.

அப்படியானால் தார் வந்ததும் மீண்டும் காற்றடிக்க வேண்டாமா என்று கேட்கலாம். இரண்டு முறை அடித்தேன், பிறகு விட்டுவிட்டேன். ஐந்தாறு கிலோமீட்டர் தாருக்காகக் கைப்பம்புடன் பத்து நிமிடம் போராடுவதைவிட, சற்று மெதுவாக மிதிப்பதே லாபம்.

தவிர, அந்தத் தாரும் நமக்காகக் காத்திருக்கவில்லை. சம்பா அறுவடை முடிந்த சமயம்; நல்ல சாலை கண்ட இடமெல்லாம் பாதி அகலத்துக்கு நெல் காய்ந்துகொண்டிருந்தது. நெல்லின்மேல் ஏற்றக் கூடாது என்று ஒதுங்கினால், ஓரத்து வைக்கோல் பின்சக்கரப் பல்லில் சுற்றிக்கொண்டது. “கரையிலேயே போயிருக்கலாமே தம்பி” என்றார் நெல்லைத் துழாவிக்கொண்டிருந்த பெரியவர்.

நீலத்தநல்லூர் பாலத்தருகே ஒரு சீமைக்கருவேல முள் ஏறியது. டியூப் இல்லாத டயருக்குள் ஊற்றியிருந்த, ஓட்டை அடைக்கும் சீலன்ட் திரவம் சீறிக்கொண்டு வெளிவந்து, சக்கரம் நாலு சுற்றுச் சுற்றுவதற்குள் ஓட்டையை அடைத்துவிட்டது. மாற்று டியூப் பைக்குள்ளேயே கிடந்தது.

அணைக்கரையில் மீன் வறுவலுக்குச் சொல்லிவிட்டு, அது வரும்வரை பல்சக்கரத்திலிருந்து வைக்கோலை ஒவ்வொரு இழையாக உருவிக்கொண்டிருந்தேன்.