முதலில் உடை, பிறகு நடை

யாழ் மத்திய கல்லூரிப் பழைய மாணவர்கள் லண்டனில் கூடினால், பேச்சு பரியோவான் கல்லூரியோடு ஆடிய கிரிக்கெட்டில் தொடங்கி அதிலேயே முடியும். அந்தக் கல்லூரி எனக்குத் தந்த பெரிய சொத்து கிறிஸ்தவ சமய பாட வகுப்பில் கிடைத்தது. எங்கள் மாஸ்டர் வேதாகமத்தின் சகரியா புத்தகத்தில் மூன்றாம் அதிகாரம் படிப்பித்த நாளைத்தான் சொல்கிறேன்.

பிரதான ஆசாரியனான யோசுவா கர்த்தருடைய தூதனுக்கு முன் நிற்கிறான். உடுத்தியிருப்பது அழுக்கு வஸ்திரம். வலது பக்கத்தில் குற்றஞ்சாட்டச் சாத்தான். மாஸ்டர் அதிகாரம் முழுவதையும் வாசிக்கச் சொல்லிவிட்டு, "யோசுவா என்ன பேசினான்? கண்டுபிடியுங்கோ" என்றார். தேடினோம். ஒரு சொல்லும் இல்லை. அவன் தன் பக்கத்து நியாயம் பேசவில்லை. இனித் திருந்துகிறேன் என்றுகூடச் சொல்லவில்லை. அழுக்கு உடையைக் களையும்படி கட்டளை வருவதும் அவனுக்கல்ல, பக்கத்தில் நிற்பவர்களுக்கு. புது உடை உடுத்தி, தலையில் சுத்தமான பாகை வைத்தபிறகுதான் "என் வழிகளில் நட" என்ற பேச்சே வருகிறது. மாஸ்டர் கரும்பலகையில் எழுதினார்: முதலில் உடை, பிறகு நடை.

அப்புறம் பவுல் ரோமருக்கு எழுதிய நிருபத்தின் நான்காம் அதிகாரம். வேலை செய்தவனுக்குக் கூலி கடன். பாவியை நீதிமானாக்குகிறவரை நம்புகிறவனுக்கோ அந்த விசுவாசமே நீதியாக எண்ணப்படுகிறது. அவன் அழுக்கைக் கிறிஸ்து சிலுவையில் ஏற்றுக்கொண்டார். அதனால் நமக்கு இது இலவசம்; அவருக்கு அல்ல.

கல்லூரியைத் தொடங்கிய மெதடிஸ்த மிஷனின் வேரும் இதில்தான் இருக்கிறது. மெதடிஸ்த இயக்கத்தைத் தொடங்கிய ஜோன் வெஸ்லி ஒக்ஸ்போர்டில் உபவாசம் இருந்தார், சிறைக் கைதிகளைப் பார்க்கப் போனார், ஜோர்ஜியாவுக்கு ஊழியம் செய்யக் கப்பலேறினார். மனம் ஆறவில்லை. 1738 மே 24 மாலை, லண்டன் ஆல்டர்ஸ்கேட் தெருவில் நடந்த ஒரு கூட்டத்துக்கு மனமில்லாமல்தான் போனார். அங்கே ஒருவர் ரோமர் நிருபத்துக்கு மார்ட்டின் லூதர் எழுதிய முன்னுரையை வாசித்துக்கொண்டிருந்தார். அதைக் கேட்கும்போது, கிறிஸ்து ஒருவரையே நம்புகிறேன், அவர் என் பாவங்களை நீக்கிவிட்டார் என்ற நிச்சயம் வந்தது என்று நாட்குறிப்பில் எழுதினார். அந்த வரிகள் பொறித்த வெண்கலச் சுடர் வடிவ நினைவுச்சின்னம் அங்கே நிற்கிறது. செயின்ட் போல்ஸ் நிலையத்திலிருந்து நடக்கிற தூரம்தான். நம்மவர்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டவேண்டும்.

வகுப்பு முடிந்து சைக்கிளில் வரும்போது இதையெல்லாம் என் சைவ நண்பனிடம் கொட்டினேன். "மச்சான், அப்ப செய்த வினை எங்கை போகும்? ஒருத்தன்ரை வினையை இன்னொருத்தன் சுமக்கலாமோ?" என்று கேட்டான். ஆறுமுக நாவலர் படித்த கல்லூரியில் அப்படிக் கேட்கப் பிள்ளைகள் இருந்தது எனக்கு இன்றும் பெருமை. பார்சிவல் பாதிரியாரின் வேதாகம மொழிபெயர்ப்புக்குத் துணைநின்றும் நாவலர் சைவராகவே இருந்தவர்.

கிறிஸ்து தாமாக முன்வந்து சுமந்தார் என்றேன். "அப்ப துணிஞ்சு பிழை செய்யலாம் எண்டு வருமே?" என்றான். பவுலே ரோமர் ஆறில் இதைக் கேட்டு, கூடாதே என்கிறார். புது உடை வாங்கித் தந்தவரின் கையைக் கண்டவன் திரும்பவும் சேற்றைத் தேடமாட்டான் என்றேன். அவன் தலையாட்டவில்லை.

இப்போது அவன் டொரொன்டோவில் இருக்கிறான். வாதம் தொலைபேசியில் தொடர்கிறது. அண்மையில் ரோமர் ஆறை முழுக்க வாசித்துவிட்டுக் கூப்பிட்டான். விரும்பாத தீமையையே செய்கிறேன் என்று ஏழாம் அதிகாரத்தில் பவுல் புலம்புகிறாரே, அதிலிருந்து அடுத்த கேள்வியாம்.